மாணவர் விசாவும் இருபது மணித்தியாலமும்

வெம்பிளி ஈலிங் வீதியிலுள்ள பலசரக்குக் கடைகளிலும் உணவகங்களிலும் மாலை வேளைகளில் பணிபுரியும் இளைஞர்களுள் மாணவர் விசாவில் வந்தோரும் உளர். ஊரில் காணியை ஈடு வைத்தும் கடன்பட்டும் கட்டணம் செலுத்திப் படிக்க வந்தவர்கள் இவர்கள். "நாங்களும் இரவு பகலாக வேலை செய்துதான் படித்தோம், ஒன்றும் நடவாது" என்று எம்மவருள் மூத்தோர் சிலர் இவர்களுக்குத் தைரியம் கூறுவதுண்டு. நல்லெண்ணத்துடன் கூறப்படும் இச்சொல்லே இன்று பேராபத்தாக முடியக்கூடும்.

தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாய்ப்பை இழந்து 1970களில் இலண்டன் வந்த எமது மாணவர்கள் முன்கூட்டியே விசா பெற்றிருக்க வேண்டியதில்லை. விமான நிலையத்தில் இறங்கிய பின்னரே அனுமதி கேட்க முடிந்தது. 1983 யூலைக் கலவரத்தின் பின் எம்மவர் பெருமளவில் வரத் தொடங்கியதும், 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. அதன்பின் விதிகள் பலமுறை மாறிவிட்டன. இப்போதைய மாணவர் விசா முறை 2020 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

இம்முறையின்கீழ், பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேற்பட்ட கற்கைநெறியைப் பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகப் பயில்வோர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்யலாகாது. அதற்குக் கீழ்ப்பட்ட கற்கைநெறியாயின் 10 மணித்தியாலங்களே. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரையாகும். ஒரு வாரம் 10, மறுவாரம் 30 எனச் சராசரி பார்க்க இடமில்லை. இரண்டு கடைகளில் வேலை செய்தால் இரண்டும் சேர்த்தே கணக்கிடப்படும். சம்பளமின்றிச் செய்யும் வேலையும் இக்கணக்கில் அடங்கும்.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு மாணவர் புதன் மாலை 4, சனி 8, ஞாயிறு 8 என 20 மணித்தியாலங்கள் வேலை செய்கிறார். சுகவீனமுற்ற நண்பருக்காக வெள்ளி இரவும் 3 மணித்தியாலங்கள் கடையில் நிற்கிறார். அந்த ஓர் உதவியால் அவர் விசா நிபந்தனையை மீறியவராகிறார்.

சுயதொழில் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. சுயதொழிலாகக் கருதப்படும் உணவு விநியோகமும் வீட்டில் நடத்தும் தனியார் வகுப்பும் இதனுள் அடங்கும். விடுமுறையில் முழுநேர வேலைக்கு அனுமதியுண்டு. ஆயினும் முதுமாணி மாணவர் ஆய்வுக்கட்டுரை எழுதும் கோடைகாலம் பெரும்பாலும் விடுமுறையாகாது. எனவே தவணைத் திகதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம்.

"கையில் காசு வாங்கினால் யாருக்குத் தெரியும்?" என்போருமுளர். மீறல் வெளிப்பட்டால் விசா இரத்துச் செய்யப்படலாம். அடுத்த விண்ணப்பமும் நிராகரிக்கப்படலாம். படிப்பை முடித்தோர் வேலை செய்வதற்கெனப் பெறக்கூடிய பட்டதாரி விசாவும் இதனால் கைநழுவக்கூடும். அவ்விசா இரண்டு ஆண்டுகளுக்குரியது. 2027 சனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதங்களே. கலாநிதிப் பட்டம் பெற்றோருக்கு மாத்திரம் மூன்று ஆண்டுகள். சில நூறு பவுண்களுக்காக இதனை இழப்பது எவ்வகையிலும் இலாபமன்று.

கடை உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவரின் வேலை உரிமையை இணையவழி சரிபார்ப்பதும், தவணைத் திகதிச் சான்றைப் பெற்று வைத்திருப்பதும் உங்கள் கடமை. தவறினால், 2024 பெப்ரவரி முதல், முதல் மீறலுக்கே ஒரு தொழிலாளிக்கு 45,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். மேலதிக நேரம் நிற்குமாறு மாணவரை வற்புறுத்துவது உதவியுமன்று, தொழிலுக்கு நன்மையுமன்று.

ஐயமுள்ளோர் தமது பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசனைப் பிரிவை நாடலாம். வெளியே ஆலோசனை பெறுவதாயின், அவர் சட்டத்தரணியா அல்லது குடிவரவு ஆலோசனைக்கு முறைப்படி பதிவு பெற்றவரா என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

மாணவர்களே, ஒவ்வொரு வாரமும் வேலை செய்த நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி, சம்பளச் சீட்டுகளுடன் பத்திரப்படுத்துங்கள். ஊரில் ஈடு வைத்த காணியை மீட்கப்போவது நீங்கள் முடிக்கும் படிப்பே. மேலதிகமாகக் கடையில் நின்ற இரவுகள் அல்ல.