கடைசிச் சொட்டில் ஒளிந்திருக்கும் உலோகம்

வெயில் காலத்தில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஐஸ் பழம் செய்து கொடுக்காத தாய்மார் குறைவு. வர்ணச் சர்பத்தைச் சிறு பையில் ஊற்றி உறைய வைப்போம். அது முழுதாக இறுகுமுன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஓரமெல்லாம் நிறமற்ற வெறும் கட்டியாக இருக்கும். நிறமும் சீனியும் நடுவில் மிஞ்சிய திரவத்தில் ஒதுங்கியிருக்கும்.

காரணம் இதுதான். ஐஸ் கட்டி தன்னைக் கட்டிக்கொள்ளத் தண்ணீரை மட்டுமே எடுக்கும். சீனிக்கும் நிறத்துக்கும் அங்கு இடமில்லை. எனவே கடைசியில் மிஞ்சும் சொட்டு மிகவும் இனிப்பாகிறது.

பூமியின் அடியில் கருங்கல் உருவாகும்போதும் ஏறக்குறைய இதுவேதான் நடக்கிறது. நமது கைத்தொலைபேசிக்குள் இருக்கும் ஓர் அரிய உலோகம் அப்படி வந்ததுதான்.

இடம் கிடைக்காத உலோகம்

அந்த உலோகத்தின் பெயர் தந்தாலம். மின்னைச் சிறிது நேரம் சேமித்து வைத்து விடும் கொள்ளளவி என்ற சிறு பாகத்தில் இது பயன்படுகிறது. போன், கணினி, காது கேட்கும் கருவி எனப் பலவற்றில் அது உண்டு. 1802இல் சுவீடன் நாட்டு அறிஞர் எக்கபேர்க் இதைக் கண்டுபிடித்தார். கிரேக்கக் கதையில் தந்தாலஸ் என்பவன் தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாமல் தவிப்பான். அமிலத்தில் கிடந்தும் அதை ஏற்காத பொருளாக இருந்ததால் அவனுடைய பெயரையே இதற்கும் வைத்தார்.

புவியோட்டுப் பாறையில் ஒரு தொன்னுக்குச் சராசரியாக 1 அல்லது 2 கிராம் அளவே தந்தாலம் உண்டு. அதைப் பிரித்தெடுப்பது நடவாத காரியம். இயற்கையே அதை ஓரிடத்தில் சேர்த்துத் தந்தால்தான் மனிதனுக்குப் பயன்.

பாறைக் குழம்பு ஆறும்போது களிக்கல், படிகக்கல், மைக்கா ஆகியவை உருவாகின்றன. களிக்கல்லிலும் படிகக்கல்லிலும் தந்தாலம் நுழைய முடியாது. எனவே மிஞ்சிய குழம்பில் அது செறிந்துகொண்டே போகிறது. இதன் இரட்டைப் பிள்ளை போன்ற நியோபியமும் கூடவே செல்கிறது. இரண்டும் வெவ்வேறு என்பதே நெடுநாள் கழித்துத்தான் உறுதியாயிற்று.

ஆறினால் பிரியும்

சூடான தேத்தண்ணீரில் நிறையச் சீனி கரையும். சீனிப்பாகு ஆறினால் கற்கண்டாகப் பூக்கும். தந்தாலக் கனியமும் அப்படியே. குழம்பு சூடாக இருக்கும்வரை கரைந்திருக்கும். ஆறினால் மங்கனீசு, இரும்பு ஆகியவற்றுடன் சேர்ந்து கறுப்புப் பளிங்காகப் பிரியும்.

1997இல் வெளியான ஓர் ஆய்வில் லினன், கெப்லர் என்ற அறிஞர்கள், கருங்கல் குழம்பில் இக்கனியங்கள் எவ்வளவு கரைகின்றன என்று அளந்தார்கள். 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில், வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 2000 மடங்கு அமுக்கத்தில் அதைச் செய்தார்கள். குழம்பிலுள்ள அலுமினியத்துக்கும், சோடியம், பொற்றாசியம் ஆகியவற்றுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்துக் கரைதல் மாறியது. நியோபியக் கனியத்தைவிடத் தந்தாலக் கனியம் அதிகமாகக் கரைந்தது. எனவே நியோபியம் முந்திப் பிரிய, தந்தாலம் பிந்துகிறது.

சாதாரணக் கருங்கல் குழம்பு 700 பாகையை அண்மிக்கும்போது பெரும்பாலும் இறுகிவிடும். ஆனால் நீர், இலிதியம், புளோரின், போரன் ஆகியவை கடைசிக் குழம்பில் நிறைந்திருந்தால் அது இளகி, 500 பாகை அளவிலும் திரவமாகவே ஓடும். பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து இறுகும். இந்தப் பெரும்பளிங்குப் பாறையைத்தான் பெக்மடைட் என்கிறார்கள்.

கனடாவின் மனிட்டோபா மாநிலத்தில், பேர்னிக் ஏரிக்கு அடியில் அப்படி ஒன்று கிடக்கிறது. ஏறக்குறைய 2 கிலோமீற்றர் நீளம், 1 கிலோமீற்றர் அகலம், 100 மீற்றர் தடிப்பு. வயதோ 260 கோடி ஆண்டுகளுக்கு மேல். 1969இல் அங்கே தந்தாலம் எடுக்கத் தொடங்கினார்கள்.

மண்ணில் சிந்தும் இரத்தம்

ஆபிரிக்காவில் கிழக்குக் கொங்கோவிலும் ருவாண்டாவிலும் ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகிய பெக்மடைட்கள் உள்ளன. பல இடங்களில் பாறை உக்கி மண்ணாகிவிட்டதால் மண்வெட்டியே போதும். கனியம் பாரமானது. அரிக்கன்சட்டியில் அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குவது போல, கழுவும்போது அது அடியில் தங்கும். அங்கே அதைக் கொல்ற்றான் என்பர்.

எளிதில் எடுக்கலாம் என்பதே அம்மக்களுக்குத் துன்பமாயிற்று. 2000ஆம் ஆண்டில் விலை பன்மடங்கு ஏற, ஆயுதக் குழுக்கள் சுரங்கங்களைப் பிடித்தன. பிள்ளைகளும் குழிகளில் இறங்கினார்கள். 2010இல் அமெரிக்கா, இக்கனியம் எங்கிருந்து வந்தது என்று நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. ஆயினும் 2024இல் ருபாயா என்ற பெரும் சுரங்கப் பகுதியை எம்23 என்ற ஆயுதக் குழு கைப்பற்றியது.

சகோதரிகளே! கருங்கல் குழம்பு தன் கடைசிச் சொட்டில் சேர்த்துவைத்த பொருள் இது. போனை எறிந்துவிட்டால், அதற்குள் சிறு துளியாய் இருக்கும் தந்தாலத்தைத் திரும்ப எடுப்பது மிகக் கடினம். அது மறுபடி ஆயிரம் பொருள்களோடு கலந்து சிதறிவிடுகிறது. இயற்கை சேர்த்ததை நாம் கலைத்துவிடுகிறோம்.

புதிய போன் வேண்டுமெனப் பிள்ளை அடம்பிடிக்கும்போது, உடைந்த கண்ணாடியை மாற்றி இன்னும் இரண்டு வருடம் பாவிக்க முடியுமா என்று பாருங்கள். அந்தக் கறுப்புக் கல்லுக்காகக் குழியில் இறங்கும் இன்னொரு தாயின் பிள்ளையையும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.