அப்பாவின் நீச்சல் குளமும் ஒரு எக்செல் ஷீட்டும்

போன சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அப்பாவிடமிருந்து போன். "தம்பி, மாடியை சீசனுக்கு வாடகைக்கு விடுறோம்லா, பின்னால ஒரு நீச்சல் குளம் கட்டிட்டா என்ன? நாள் வாடகை ஆயிரத்து ஐநூறு கூடக் கிடைக்கும்" என்றார். எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பாதையில் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் பாங்கில் டெபாசிட்டாக இருக்கிறது. அதிலிருந்து ஒன்பது லட்சம் எடுக்கப் போகிறார்!

யோசனையில் நியாயம் இல்லாமல் இல்லை. சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊரே கூட்டம். ஆனால் வெள்ளம் அதிகமானால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவர் உயிரிழந்த பிறகு, குழந்தைகளோடு வருபவர்கள் வீட்டிலேயே குளம் இருக்கிறதா என்று கேட்கிறார்களாம்.

மறுநாளே சென்னையிலிருந்து லேப்டாப்புடன் கிளம்பினேன். குளம் கட்ட எவ்வளவு ஆகும் என்பதை ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்திருந்தார். கட்டிய பிறகு மாதாமாதம் எவ்வளவு ஆகும் என்பது அதில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எக்செல் போதும். நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதல் படி: எவ்வளவு தண்ணீர்?

புதிய ஷீட்டைத் திறந்து பி1 செல்லில் நீளம், பி2-வில் அகலம், பி3-ல் சராசரி ஆழம் ஆகியவற்றை மீட்டரில் கொடுங்கள். எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆழம் ஒரு பக்கம் 1 மீட்டர், மறுபக்கம் 1.5 மீட்டர், சராசரி 1.25. மூன்றையும் பெருக்கினால் கன மீட்டர். அதை 1000-ஆல் பெருக்கினால் லிட்டர்.

நான் முதலில் அவசரத்தில் ஆழத்தை மட்டும் அடியில், 4 என்று டைப் செய்துவிட்டேன். விடை 1,28,000 லிட்டர். எட்டிப் பார்த்த அப்பா, "ஏல, நம்ம கிணத்துலயே அவ்வளவு தண்ணி கிடையாதே!" என்றார். திருத்தியதும் 40,000 லிட்டர் என்று வந்தது. கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடாது. நாம் தப்பாகக் கொடுத்தால் அதையும் சரியாகப் பெருக்கித் தரும். ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் அலகை எழுதி வைப்பது நல்லது.

இரண்டாம் படி: மின்சாரம்

குளத்து நீர் முழுவதும் தினமும் ஒரு முறையாவது பில்டர் வழியாகப் போய் வர வேண்டும். இல்லாவிட்டால் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். ஒப்பந்ததாரர் எழுதியிருந்தது 1 ஹெச்.பி. மோட்டார். 1 ஹெச்.பி. என்பது 746 வாட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் மின்சாரம் இழுப்பது ஏறக்குறைய 1 கிலோவாட். தினமும் 8 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட்.

இங்கேதான் கவனம் தேவை. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையும் குறைந்துவிடும். எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே 300 யூனிட் ஆகிறது. குளத்தையும் சேர்த்தால் 780. கூடுதல் யூனிட் ஒவ்வொன்றுக்கும் சுமார் 8 ரூபாய் என்று போட்டேன். மாதம் 1,920 ரூபாய். வாடகைக்கு விடும் இடம் என்றால் இணைப்பின் வகையே மாறக்கூடும் என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: குளோரின்

நீரில் குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். வரையும், பி.ஹெச். 7.2 முதல் 7.8 வரையும் இருக்க வேண்டும். 1 பி.பி.எம். என்பது 1000 லிட்டருக்கு 1 கிராம். வெயில் பட்டால் குளோரின் வேகமாகக் குறையும் என்பதால் தினமும் 3 பி.பி.எம். சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். 40,000 லிட்டருக்கு 120 கிராம். கடையில் கிடைக்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் 65 சதவீதம்தான் குளோரின் என்றால், 185 கிராம் தேவை. மாதத்துக்கு ஐந்தரைக் கிலோ. கிலோ 200 ரூபாய் என்று போட்டால் 1,110 ரூபாய். ஆசிட், டெஸ்ட் கிட் வகையில் இன்னும் 500. (எச்சரிக்கை: ஆசிட்டையும் குளோரின் பொடியையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. விஷ வாயு கிளம்பும்.)

நான்காம் படி: ஆவியாகும் தண்ணீர்

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் குறைந்தால் 1 லிட்டர் போய்விட்டது என்று பொருள். எங்கள் குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். தினமும் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர். மாதம் 4,800 லிட்டர். செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும் நாட்களில் இன்னும் கூடும். தென்னங்கீற்றும் சருகும் இலவசமாக வந்து விழும். வாரம் ஒரு முறை பில்டரை எதிர்த்திசையில் கழுவ, மாதத்துக்கு இன்னொரு 1,600 லிட்டர். ஆக 6,400 லிட்டர். சொந்த போர்வெல் இருப்பதால் இதற்குப் பணம் போடவில்லை. ஆனால் மே மாதத்தில் போர் வற்றினால் லாரித் தண்ணீர்தான்.

பக்கத்து ஓடையிலிருந்து திருப்பிக்கொள்ளலாமே என்று ஒரு உறவினர் சொன்னார். கூடவே கூடாது. தனியார் விடுதிகள் நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த விவகாரத்தில், நடவடிக்கை எடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டதை ஊரில் எல்லோரும் அறிவார்கள்.

மொத்தம் எவ்வளவு?

சுத்தம் செய்ய ஆள் சம்பளம் 3,000. மோட்டார் ரிப்பேர், பில்டர் மணல் மாற்றுவது போன்றவற்றுக்காக ஒதுக்கி வைப்பது 1,000. எல்லாம் சேர்த்து மாதம் 7,530. வருடத்துக்கு 90,360 ரூபாய். சீசன் முடிந்தால் மோட்டாரை நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். தேங்கிய நீரில் பாசியும் கொசுவும் குடியேறிவிடும். சீசன் மூன்று மாதம், செலவு பன்னிரண்டு மாதம்!

இன்னொரு வரியையும் சேர்த்தேன். ஒன்பது லட்சத்தை பாங்கிலேயே விட்டிருந்தால், 7 சதவீத வட்டியில் வருடத்துக்கு 63,000 ரூபாய் கிடைத்திருக்கும். அந்த இழப்பும் செலவுதான். ஆக 1,53,360 ரூபாய்.

கோல் சீக் சொன்ன விடை

எத்தனை நாள் வாடகைக்குப் போனால் கையைக் கடிக்காது? எக்செல்லில் டேட்டா பகுதிக்குப் போய் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக் க்ளிக் செய்யுங்கள். (லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கு டூல்ஸ் மெனுவில் இருக்கிறது.) செட் செல்லில் லாபம் உள்ள செல், டு வேல்யூவில் 0, பை சேஞ்சிங் செல்லில் நாட்கள் உள்ள செல். ஓகே கொடுத்தால் விடை 102.24, அதாவது 103 நாட்கள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் சேர்ந்தே 92 நாட்கள்தான். ஒரு நாள் விடாமல் ஆள் வந்தாலும் போதாது. சனி, ஞாயிறு மட்டும் வந்தால் 26 நாட்கள், 39,000 ரூபாய். மோட்டாரை 6 மணி நேரமாகக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் 99 நாட்கள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அருவியில எண்ணெய் தேச்சுக் குளிச்சா தண்ணி அதுபாட்டுக்கு அடிச்சிட்டுப் போயிரும். இங்க அத்தனையும் நம்ம பில்டர்லதான் நிக்கும், இல்லியா?" என்று கேட்டார். எக்செல்லில் நான் போட மறந்த செலவு அது!

கடைசியில் டெபாசிட் பிழைத்தது. அக்கா பிள்ளைகள் லீவுக்கு வரும்போது விளையாட, 3 மீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குளம் ஒன்று வாங்கினோம். 70 சென்டிமீட்டர் நிரப்பினால் சுமார் 5,000 லிட்டர். லீவு முடிந்ததும் இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டுக் குளோரின் போன பிறகு தென்னைக்குப் பாய்ச்சிவிடலாம். ஆழம் குறைவுதானே என்று குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

உங்கள் ஊர் விலைகளை உங்கள் ஷீட்டில் போட்டுப் பாருங்கள். வருடம் முழுவதும் நீந்துகிறவர்கள் வீட்டில் விடை வேறாக வரலாம். எப்படியானாலும் பள்ளம் தோண்டும் முன் ஃபைலை ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். செல்லில் போட்ட எண்ணை மாற்ற ஒரு நொடி போதும். கட்டிய குளத்தை மாற்ற முடியாது.