கொண்டை ஊசி வளைவில் ஒரு படகு!

"மச்சான்... ஒரு படகு வாங்கலாம்னு இருக்கேன்!"

கொட்டச்சேட்டிலிருந்து நண்பர் போனில் இப்படிச் சொன்னதும் என் கையிலிருந்த காபி டம்ளர் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. பைக் வாங்குகிறேன் என்றால் புரிகிறது. பசு மாடு என்றால்கூடப் புரிகிறது. படகு?

கொட்டச்சேடு எங்கே இருக்கிறது தெரியுமல்லவா? சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து குப்பனூர் இறங்கும் பாதையில், காபியும் மிளகும் சில்வர் ஓக் மரமுமாக இருக்கிற ஊர். கடலுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

"வேக்போர்டிங் மச்சான்! போன்ல வீடியோ பார்க்கலியா நீ?"

பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். படகு ஒன்று சீறிக்கொண்டு போகும். அதன் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி, இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு ஒரு இளைஞர். படகு கிளப்பிவிடும் அலைமேல் ஏறுவார். எகிறுவார். அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கி, சிரிக்க வேறு செய்வார். நாமோ டவுன் பஸ்ஸில் நிற்கவே இரண்டு கையும் போதாமல் தவிக்கிற ரகம்!

நண்பரின் திட்டம் ரொம்ப சிம்பிள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு வருகிற ஐ.டி. பையன்களிடம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய். நாளைக்கு இருபது பேர். மாசத்துக்கு நாலு ஞாயிறு. "எண்பதாயிரம் மச்சான்!"

முதலீடு? கடற்கரைப் பக்கம் ஒருத்தரிடம் பழைய ஃபைபர் மீன்பிடி படகு இருக்கிறதாம். நாற்பது குதிரைசக்தி அவுட்போர்டு இன்ஜினோடு ஆறு லட்சம். மூன்று வருஷம் மிளகு விற்ற பணம். அடுத்த வருஷம் மகளுக்கு இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸ் கட்டுவதற்காக பாங்கில் டெபாசிட் போட்டு வைத்த அதே பணம்.

"ஏனுங்கண்ணா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க..." போனுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்.

நான் பி.காம். கணக்கு என்று வந்துவிட்டால் விடமாட்டேன். "ஒரு வாரம் அட்வான்ஸ் குடுக்காம இரு மாப்ளே" என்று சொல்லிவிட்டு, படகு கேட்லாக்குகளுக்குள் குடிபோனேன். தெரிந்துகொண்டது இதோ.

படகிலும் ஜாதகம் உண்டு!

1922-ல் அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயசுப் பையன் காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு படகின் பின்னால் நின்று காட்டினான். அது வாட்டர் ஸ்கீயிங். 1985 வாக்கில் டோனி ஃபின் என்பவர் 'ஸ்கர்ஃபர்' என்று ஒற்றைப் பலகையைக் கொண்டுவந்தார். 1990-ல் ஹெர்ப் ஓ'பிரையன் அதைச் செதுக்கி 'ஹைப்பர்லைட்' ஆக்கினார். வேக்போர்டிங் சூடு பிடித்தது. 1996-ல் எக்ஸ் கேம்ஸ் போட்டியிலும் இடம் பிடித்துவிட்டது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. வாட்டர் ஸ்கீயிங் படகு பின்னால் அலையே எழுப்பக் கூடாது. எவ்வளவு தட்டையாகப் போகிறதோ அவ்வளவு உசத்தி. வேக்போர்டிங் படகோ நேர் எதிர். பின்னால் திண்ணை உயரத்துக்கு அலை எழும்பணும். அதன்மேல் ஏறித்தான் ஆசாமி எகிறணும். முதலாவதுக்கு லேசான படகு. இரண்டாவதுக்கு குண்டுப் படகு. இதற்கென்றே 1997-ல் கரெக்ட் கிராஃப்ட் கம்பெனி 'சூப்பர் ஏர் நாட்டிக்' என்ற படகை இறக்கியது. எனவே, "படகுன்னா படகுதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நண்பர் பார்த்து வைத்த ஃபைபர் படகு ஒல்லியான பையனை இழுத்துவிடும். ஆனால் அலை? காபி டம்ளரில் ஸ்பூன் போட்டுக் கலக்கினால் வருமே, அந்த அளவு!

இன்ஜின் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் பெயின்ட் அல்ல, புரொப்பெல்லர். வேக்போர்டு படகுகளில் பெரும்பாலும் 'வி-டிரைவ்' என்ற ஏற்பாடு. இன்ஜின் பின்பக்கம், புரொப்பெல்லர் படகின் வயிற்றுக்கு அடியில். அவுட்போர்டில் அது படகின் பின்னால் நீட்டிக்கொண்டு சுற்றும். ஆள் ஏறி இறங்குவதும் அதே பின்பக்கம்தான். அவுட்போர்டிலும் வேக்போர்டிங் செய்கிறார்கள், தப்பில்லை. ஆனால் ஆள் தண்ணீரில் இருக்கும்போது, பக்கத்தில் போனதும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். 'நியூட்ரல்ல தானே இருக்கு' என்பதெல்லாம் வேண்டாம். கை தவறி கியர் விழ ஒரு நொடி போதும்.

கயிற்றை விட்டுவிட்டுப் படகை ஒட்டியே அலையில் சறுக்கும் 'வேக்சர்ஃபிங்'குக்கு அவுட்போர்டு கூடவே கூடாது. புகையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயக்கம் வந்த பிறகுதான் தெரியும்.

தண்ணீருக்குள் தண்ணீர்!

அலை பெரிசாக வேண்டும் என்றால் படகு ஆழமாக அமுங்க வேண்டும். அதற்குப் படகுக்குள் பெரிய பைகளை வைத்து, பம்ப் போட்டு ஏரித் தண்ணீரையே நிரப்புகிறார்கள். பேலஸ்ட் என்று பெயர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஐநூறு கிலோவிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் ஏற்றுகிறார்கள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடி வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சலான சமாசாரம்தான்.

பின்பக்கம் எடை கூடினால் அலை செங்குத்தாக எழும். முன்பக்கமும் கொஞ்சம் சேர்த்தால் நீளமாகச் சாயும். புதுசாகக் கற்றுக்கொள்கிறவருக்குச் சின்ன அலை போதும். ஒன்று முக்கியம்: எத்தனை ஆள், எத்தனை கிலோ என்று தயாரித்தவர் படகில் ஒரு தகடு அடித்திருப்பார். ஆளும் தண்ணீரும் சேர்ந்து அந்தக் கணக்குக்குள் அடங்கணும். மீன்பிடி படகில் மணல் மூட்டை போட்டுச் சமாளிக்கலாம் என்று நண்பர் யோசித்திருந்தார். பம்ப் போட்டால் தண்ணீர் வெளியே போய்விடும். மணல் மூட்டை போகுமா?

மற்ற சாமான்கள்: கயிறு கட்ட ஏழடி உயரத்துக்கு ஒரு டவர். மேலேயிருந்து இழுத்தால்தான் ஆள் லகுவாக எழும்புவார். கயிறு இழுபடாத ரகமாக, அறுபதிலிருந்து எண்பது அடி. இழுபடும் கயிறு திடீரென விட்டால் சாட்டை மாதிரி திரும்பி வந்து படகிலிருப்பவரை அடிக்கும். ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க, பின்னால் பார்ப்பதற்கென்றே இன்னொரு ஆள். ஓட்டுகிறவர் விழுந்தால் தானாக இன்ஜின் நிற்க, உடம்போடு மாட்டிய கில் ஸ்விட்ச் கயிறு. பலகையில் நிற்பவருக்கு ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட். இங்கேயும் உஷார்! போட்டிக்காரர்கள் அணியும் மெல்லிய 'இம்பாக்ட்' ஜாக்கெட் அடி படாமல் காக்கும், ஆளை மிதக்க வைக்காது.

மலைக்கு ஏறினால் மூச்சு வாங்கும்!

ஏற்காடு கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி உயரம். காற்று லேசு. சாதாரண பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் சக்தியை இழக்கும். அதாவது ஏற்காட்டில் பதினைந்து சதவீதம் போச்சு. முந்நூறு குதிரை ஏறிப் போனால் இருநூற்று ஐம்பத்தைந்து குதிரைதான் வேலைக்கு வரும். 'பிட்ச்' குறைந்த புரொப்பெல்லராக மாற்ற வேண்டும். பஸ் மலை ஏறும்போது கியர் குறைக்கிற அதே கதை.

அதற்கு முன்னால் படகை மேலே கொண்டுவர வேண்டுமே? இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள படகை டிரெய்லரில் கட்டி, சேலம் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. எதிரே அரசு பஸ் வந்தால் யார் ரிவர்ஸ் எடுப்பது?

பெரிய கேள்வி இனிமேல்தான். வேக்போர்டிங் வேகம் மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர். ஒரே நிமிஷம் நேராகப் போக ஏறக்குறைய அறுநூறு மீட்டர் காலித் தண்ணீர் வேண்டும். திரும்ப இடம் தனி. ஏற்காடு ஏரியில் தேனிலவு ஜோடிகள் பெடல் படகை மிதித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாமல் சுற்றுகிறார்கள். நடுவில் திண்ணை உயரத்துக்கு அலை விட்டால் தேனிலவு என்னாகும்? ஏரி நம்ம தோட்டத்துக் கிணறும் இல்லை, இஷ்டத்துக்கு இறக்க.

"அப்ப மேட்டூர்?" என்றார் நண்பர். விசாலமான தண்ணீர்தான். ஆனால் 1934-ல் கட்டி முடித்த அந்த அணைக்குள் முழுகிப்போன ஊர்களே இருக்கின்றன. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி தலை காட்டும், பழைய சர்ச் கோபுரம் தெரியும். தலை காட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீருக்கு அடியில் ஓரடியில் இருக்குமே, அதுதான் ஆபத்து. ஆழம் தெரியாமல் காலையே விடக்கூடாது என்பார்கள். பலகையோடு பூட்டிய இரண்டு காலை எப்படி விடுவது?

கடைசியில் என் சப்ஜெக்ட்: காசு. வேக்போர்டுக்கென்றே செய்த புதுப் படகு அமெரிக்காவிலேயே ஒரு லட்சம் டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அபூர்வம். அதற்கு மேல் இறக்குமதி வரி. 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதே பட்டியலில் கூட இருப்பவர்கள் யார் தெரியுமா? ரிவால்வரும் புகை பிடிக்கிற பைப்பும்! முழு எடையோடு ஓடினால் மணிக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து லிட்டர் பெட்ரோல். 2021-ம் வருஷ உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டப்படி பதிவு, சர்வே, இன்ஷூரன்ஸ். எண்பதாயிரம் வரவு, எழுதிய பேப்பரிலேயே கரைந்துவிட்டது.

அப்புறமும் நண்பர் விடவில்லை. "அந்த மீன்பிடி படகையே கொஞ்சம் மாத்திக்கட்டி..." என்று இழுத்தார்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. 2009 செப்டம்பர் 30, தேக்கடி. 45 பேர் போனார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. 2023 மே 7, தானூர். 22 பேர். அளவுக்கு மேல் ஆள். அதுவும் மீன்பிடி படகை மாற்றிக் கட்டியதுதான். உல்லாசமாகப் போனவர்கள்தான் எல்லோரும். "யாரோ ஒருத்தர் பிள்ளையை நம்பி அனுப்புவாங்க மாப்ளே. உன் பொண்ணை அதுல ஏத்துவியா?"

போனில் சத்தமே இல்லை. சரி, கடைசியாக ஒன்று கேட்போம் என்று கேட்டேன்.

"உனக்கு நீச்சல் தெரியும்ல?"

"எனக்கெதுக்கு மச்சான்? நான் படகு ஓட்டத்தானே போறேன்!"

அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸில் நேரில் போய்விட்டேன்.

டெபாசிட் இப்போது பத்திரமாக பாங்கில் இருக்கிறது. படகு ஆசை உள்ளவர்களுக்கு ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன். 1960 வாக்கிலேயே ஜெர்மனியின் புரூனோ ரிக்ஸன் படகே இல்லாமல், கம்பமும் கம்பியும் மின்சார மோட்டாரும் வைத்து ஆளை இழுக்க வழி கண்டுபிடித்துவிட்டார். இரண்டு கம்பம் மட்டும் நட்டு இழுக்கிற சின்ன ரகமும் வந்துவிட்டது. சின்னத் தண்ணீருக்கு அதுதான் லாயக்கு. பெட்ரோல் இல்லை, புரொப்பெல்லர் இல்லை. அதற்கும் நீச்சல், லைஃப் ஜாக்கெட், அனுமதி மூன்றும் வேண்டும்.

நண்பர் முதல் மூன்றில் ஒன்றைத் தொடங்கிவிட்டார். வாரம் இரண்டு நாள் சேலத்துக்கு இறங்கி, எட்டு வயசுப் பொடியன்களோடு நீச்சல் வகுப்பில் நிற்கிறார். போன ஞாயிறு குடும்பத்தோடு ஏற்காடு ஏரியில் பெடல் படகில் ஏறினோம். நண்பர் வீரமாக மிதித்தார். படகு போன வேகத்துக்கு ஒரு சுற்று சுற்றிக் கரையிலேயே முட்டி நின்றது.

அவர் மனைவி அமைதியாகச் சொன்னார்:

"ஏனுங்க, முதல்ல இதை நேரா ஓட்டுங்க. மத்ததை அப்புறம் பார்க்கலாம்!"