எண்ணைப் பார்க்கும் முன் வெயிலைப் பாருங்கள்

பாலக்காடு – பொள்ளாச்சி ரயில் பாதையில் உள்ள முதலமடை நிலையம் படப்பிடிப்புக்குப் பெயர்பெற்றது. ஆலமரங்களின் கீழே நடைமேடையில் அடர்ந்த நிழல். பத்தடி தள்ளித் தண்டவாளத்தில் கண் கூசும் வெயில். நிழலில் நிற்பவரின் முகமும் தெளிய வேண்டும், பின்னால் வானமும் வெளுத்துவிடக் கூடாது. எந்த சினிமா கேமராவை வாடகைக்கு எடுப்பது என்ற கேள்விக்கு இந்த ஒரு காட்சியே அளவுகோல். ஆனால் பேச்சு பெரும்பாலும் 4கே, 6கே, 8கே என்ற எண்களில்தான் தொடங்குகிறது. 2007-ல் 4கே கேமராவாக ரெட் ஒன் வந்து, 2009-ல் அதில் ‘உன்னைப்போல் ஒருவன்’ படமாக்கப்பட்ட காலத்திலிருந்தே அந்த எண்ணுக்குத் தனி மவுசு.

அந்த எண் படத்தில் எத்தனை புள்ளிகள் என்று மட்டுமே சொல்லும். வெயிலையும் நிழலையும் ஒருசேரத் தாங்கும் திறனை ‘ஸ்டாப்’ கணக்கில் அளக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரு மடங்காக்கும். 14 ஸ்டாப் என்றால் 16,384 மடங்கு வேறுபாடு. 2010-ல் வந்த ஆரி அலெக்ஸா கேமரா 3கே-யைக்கூடத் தொடவில்லை; இந்தத் திறனால்தான் ஒளிப்பதிவாளர்களின் மனத்தைப் பிடித்தது. புதுச்சேரியிலும் மூணாறிலும் காட்சிகள் எடுக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’ அலெக்ஸாவில் உருவானது. 2013-ல் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பெற்றது. அதோடு, நம் திரையரங்குகள் பலவற்றில் இன்றும் 2கே புரொஜெக்டர்தான் ஓடுகிறது.

ஓடிடி நிறுவனங்கள் 4கே கேட்கின்றனவே என்பது நியாயமான மறுப்பு. நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு அந்த நிபந்தனை வைக்கிறது. அவர்களுக்காகத் தயாரிப்பதென்றால் 4கே நுழைவுச் சீட்டு; அதற்குமேல் 8கே-க்குச் செலவிடக் காரணம் வேண்டும். ஃப்ரேமின் ஓரங்களைப் பிறகு வெட்டவும் கிராஃபிக்ஸ் வேலைக்கும் கூடுதல் புள்ளிகள் உதவும். ஆனால் 8கே-யில் 4கே-யைப்போல நான்கு மடங்கு புள்ளிகள். சேமிக்கும் வட்டும் எடிட்டிங் நேரமும் அதற்கேற்பப் பெருகும். இன்னொரு மறுப்பு, 2023-ல் வந்த ‘தி கிரியேட்டர்’ படமே சோனி எஃப்எக்ஸ்3 என்ற சிறிய, விலை குறைந்த கேமராவில் எடுக்கப்பட்டதே என்பது. உண்மை, விலை தரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அது சான்று. முதலமடையில் மட்டும் ஒரு சோதனை பாக்கி இருக்கும்: ரயில். சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கும் கேமராக்களில், வேகமாகக் கடக்கும் பெட்டிகள் சாய்ந்து தெரியலாம். 2020-ல் வந்த ரெட் கொமோடோ முழு ஃப்ரேமையும் ஒரே கணத்தில் பதிவுசெய்வதால் அந்தக் குறை அதில் இல்லை.

ஸ்டாப்பும் ஓர் எண்தானே, அதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்கலாம். நம்ப வேண்டாம். நிறுவனங்கள் அளக்கும் முறை ஆளுக்கு ஆள் மாறும். 2022-ல் வந்த அலெக்ஸா 35-க்குச் சொல்லப்படும் 17 ஸ்டாப்பும் நிறுவனம் தரும் கணக்குதான். அதனால் சிறு தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இரண்டு கேமராக்களை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். உச்சிவெயிலில் ஆலமர நிழலில் நடிகரை நிறுத்துங்கள், ஒரு ரயில் கடக்கட்டும். எடுத்ததைப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். முகமும் வானமும் எதில் நிற்கின்றனவோ, அதுவே உங்கள் படத்துக்கான கேமரா.