கிராண்ட் கேன்யன்: காலத்தை நடந்து அளக்கும் பாதை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆறு அரித்து உருவாக்கிய கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் ஆழமும் உடையது. அதன் தெற்கு விளிம்பில் 1928-ஆம் ஆண்டு கட்டப்பட்ட யாவபாய் நிலவியல் காட்சியகம், பாறை அடுக்குகள் தெளிவாகத் தென்படும் இடமென நிலவியலாளர்கள் ஆராய்ந்து தேர்ந்த இடத்தில் அமைந்திருப்பதால், அங்கு வருவோர் அகன்ற கண்ணாடிச் சாளரங்களின் வழியே பள்ளத்தாக்கைக் கண்டவாறே, ஒவ்வோர் அடுக்கின் பெயரையும் வயதையும் விளக்கப் பலகைகளிலிருந்து அறிந்துகொள்கின்றனர்.

இக்காட்சியகத்தை ஒட்டிச் செல்லும் ‘காலப் பாதை’, ஒரு மீட்டர் தொலைவு பத்து லட்சம் ஆண்டுகளைக் குறிக்கும் வகையில் அமைக்கப்பட்ட நடைபாதையாகும். மீட்டருக்கு ஒன்றாக வெண்கலக் குறிகள் தரையில் பதிக்கப்பட்டுள்ள இப்பாதையோரத்தில், பள்ளத்தாக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட பாறைகள் தத்தம் வயதுக்குரிய இடத்தில் வைக்கப்பட்டிருப்பதால், பார்வையாளர்கள் அவற்றைக் கையால் தொட்டு உணர முடிகிறது. பள்ளத்தாக்கின் உச்சியிலுள்ள கைபாப் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 27 கோடி ஆண்டுப் பழமையுடையது என்பதால் அதை 270 மீட்டரில் அடைந்துவிடலாம். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய ‘நைஸ்’ வகைப் பாறைகளுள் மிகப் பழையதோ 184 கோடி ஆண்டுகள் கடந்தது என்பதால், அதை அடைய 1,840 மீட்டர் நடந்தாக வேண்டும்.

எண்ணால் மட்டும் எட்டாத புவியின் வயதை நடையால் உணரச் செய்யும் இத்தகைய ஏற்பாடே, ஒரு சுற்றுலாத் தகவல் மையம் பார்வையாளருக்கு ஆற்றக்கூடிய தலைசிறந்த பணியாகும்.