பார்சிலோனா: பர்ஸும் பத்திரம், ரசீதும் பத்திரம்

பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணி கத்திக்குப் பயப்பட வேண்டியது குறைவு. கைவிரலுக்குப் பயப்பட வேண்டியது அதிகம். லா ராம்ப்லா நடைபாதையில், பச்சை நிற மூன்றாம் எண் மெட்ரோவில், சக்ராதா ஃபமீலியா கோபுரங்களை அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தில், பார்சலோனெத்தா கடற்கரை மணலில் பறிபோவது பெரும்பாலும் பர்ஸும் பாஸ்போர்ட்டும் போனும்தான்.

இதைப் பயண வழிகாட்டிகள் சொல்லிவிடுகின்றன. அவை தொடாமல் விடுவது அதற்கு அடுத்த கட்டத்தை. பொருள் போனபின், விமானம் தாமதமானபின், உணவகத்தில் பில் எகிறியபின் என்ன செய்வது? ஸ்பெயினிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உள்ள நல்ல சட்டங்கள் வெளிநாட்டுப் பயணிக்கும் பொருந்தும். ஆனால் அந்த உரிமை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காகிதத்தைக் கேட்கிறது. அந்தக் காகிதம் சம்பவம் நடந்த ஊரிலேயே, அன்றைக்கே எளிதாகக் கிடைக்கும். ஊர் திரும்பியபின் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

பொருள் பறிபோனால்

முதலில் தந்திரங்கள். உங்கள் சட்டையில் ஏதோ அழுக்குத் திரவம் தெறிக்கும். உடனே ஒருவர் துடைத்துவிட வருவார், இன்னொருவர் பையைத் துடைத்துக்கொண்டு போவார். கையெழுத்து வேட்டைக்கு அட்டையை நீட்டுவார்கள். அட்டைக்குக் கீழே ஒரு கை வேலை செய்யும். சான்ட்ஸ் ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் வழி கேட்பவர் உங்கள் கவனத்தைப் பிடித்துவைத்திருக்க, கூட்டாளி பெட்டியை எடுத்துவிடுவார். மெட்ரோ கதவு மூடும் நொடியில் நெருக்கித் தள்ளி இறங்குவது பழைய வித்தை. சாதாரண உடையில் வந்து போலீஸ் என்று சொல்லி, கள்ளநோட்டுச் சோதனைக்காகப் பர்ஸைக் கேட்பவரும் உண்டு. உண்மையான போலீஸ் உங்கள் அடையாளத்தைக் கேட்கலாம். உங்கள் பணத்தை எண்ணிப் பார்க்கவோ கார்டின் ரகசிய எண்ணைக் கேட்கவோ மாட்டார்.

வெயிலுக்குக் கழுத்துப் பட்டனைத் திறந்துவிட்டு நடக்கும் ஊரில் தங்கச் சங்கிலி தூரத்திலேயே தெரியும். நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து, உடைக்குள் மறைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகும் போய்விட்டால், 112-ஐ அழையுங்கள். எல்லா அவசரத்துக்கும் இந்த ஒரே எண்தான், ஆங்கிலத்தில் பேசலாம். அடுத்து, கத்தலூன்யா மாநிலப் போலீஸான மோசோஸ் த எஸ்குவாத்ராவின் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள். பழைய நகரப் பகுதிக்கான நிலையம், லா ராம்ப்லாவிலிருந்து பிரியும் நோவ் த லா ராம்ப்லா தெருவில் இருக்கிறது. திருடன் கிடைக்கப்போவதில்லை, எதற்கு வீண் அலைச்சல் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். புகார் திருடனைப் பிடிக்க மட்டுமல்ல. காப்பீட்டுப் பணத்துக்கும் புதுப் பாஸ்போர்ட்டுக்கும் அந்த நகல்தான் நுழைவுச்சீட்டு. ஸ்பெயினின் 2015-ஆம் ஆண்டுப் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டப்படி, புகாரின் சான்றிட்ட நகலைப் பெறுவதும், மொழி தெரியாவிட்டால் இலவச மொழி உதவியும் நகலின் மொழிபெயர்ப்பும் பெறுவதும் உங்கள் உரிமை.

புகாரில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, மதிப்பு. ஸ்பெயினில் வன்முறையில்லாத திருட்டு 400 யூரோவைத் தாண்டாவிட்டால் பொதுவாகச் சிறு குற்றமாகிவிடுகிறது. ஆகவே போனின் மாதிரி, ஐஎம்இஐ எண், வாங்கிய விலை எல்லாவற்றையும் சொல்லுங்கள். இரண்டு, நடந்த விதம். பையிலிருந்து நைசாக உருவியது வேறு, கழுத்திலிருந்து அறுத்துப் பிடுங்கியது வேறு. பல காப்பீட்டுப் பாலிசிகள் பிடுங்கலுக்கு மட்டுமே பணம் தரும். தள்ளினார்கள், இழுத்தார்கள் என்றால் அது புகாரில் அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கார்டையும் சிம்மையும் முடக்குவதைப் போலீஸ் புகாருக்காகத் தள்ளிப்போட வேண்டாம். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி, வங்கிக்குத் தெரிவித்தபின் நடக்கும் மோசடிப் பரிமாற்றத்தின் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. தெரிவித்த நேரமும் புகார் எண்ணும் உங்களிடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் போனால்

பார்சிலோனாவிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது; தூதரகம் இருப்பது மாட்ரிட்டில், அதிவேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். போலீஸ் புகார் நகல், பாஸ்போர்ட்டின் ஒளிநகல், புகைப்படங்கள் மூன்றும் கையில் இருந்தால் அவசரச் சான்றிதழ் கேட்கலாம். ஆனால் அது ஒருவழிச் சீட்டு: இந்தியா திரும்ப மட்டுமே உதவும். அதை வைத்துக்கொண்டு மிச்சப் பயணத்தில் பாரிஸ், ரோம் என்று தொடர முடியாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் நாட்டுத் தூதரகம் எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊர் சுற்றும் நாட்களில் பாஸ்போர்ட்டை விடுதிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு ஒளிநகலோடு நடப்பது பலரின் வழக்கம். போலீஸ் அசலைக் கேட்டால் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கும்.

பில்லில் ஏமாந்தால்

ஸ்பெயினில் உணவகப் பட்டியலில் போட்ட விலை வரி சேர்த்த விலையாக இருக்க வேண்டும். வெளியே நாற்காலி போட்ட இடத்துக்குக் கூடுதல் கட்டணம் என்றால் அதை முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தின்படி, புட்டியில் அடைக்காத குடிநீரை உணவகங்கள் இலவசமாகத் தர வேண்டும், கேட்டால்தான் தருவார்கள். மீன், இறால் போன்றவை எடைக்கு விலை என்றால் தட்டு வருமுன் விலையைக் கேட்டுவிடுங்கள். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ‘வெகெத்தால்’ என்ற பெயரில் வரும் சாண்ட்விச்சில் டூனா மீனும் முட்டையும் இருப்பது அங்கே சகஜம்.

தகராறு வந்தால் குரலை உயர்த்த வேண்டியதில்லை. புகார்ப் படிவம் கேளுங்கள். கத்தலூன்யாவில் கடை, விடுதி, உணவகம் எல்லாமே அரசின் அதிகாரபூர்வப் புகார்ப் படிவத்தை வைத்திருக்க வேண்டும், கேட்டவருக்குத் தர வேண்டும். அந்தப் பேச்சை எடுத்ததுமே பில் திருந்திவிடுவதும் உண்டு. பணத்தைக் கட்டி, விவரமான பில்லை வாங்கி, படிவத்தை நிரப்பி உங்கள் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ கத்தலூன்யா நுகர்வோர் முகமைக்கு அனுப்பலாம். இதை ஊரிலிருந்தே செய்யலாம். படிவமே தர மறுத்தால் நகரக் காவலான குவார்தியா உர்பானாவை அழைக்கலாம்.

கார்டு மெஷினோ ஏடிஎம்மோ ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள். வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

டாக்ஸி கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும். விமான நிலையத்துக்குள்ளேயே வந்து ‘டாக்ஸி வேணுமா’ என்று கேட்பவரைத் தவிர்த்து, வரிசையில் நின்று ஏறுங்கள். மீட்டர் ஓட வேண்டும். இறங்கும்போது ரசீது கேளுங்கள். அதில் உரிம எண் இருக்கும். அது இருந்தால்தான் கூடுதல் கட்டணத்துக்குப் புகார் செய்யவும், சீட்டில் விட்டுவந்த பையைத் தேடவும் முடியும்.

திரும்பி வரும் பணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வாங்கிக் கொண்டுபோகும் பொருளுக்கு மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். 2018 முதல் ஸ்பெயினில் இதற்குக் குறைந்தபட்சத் தொகை கிடையாது. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி ‘தீவா’ படிவம் வாங்கி, ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைக்கும் முன் இயந்திரத்தில் அதை உறுதிசெய்ய வேண்டும்.

தங்குமிடம் பொய்யாக இருந்தால்

படத்தில் கடல் தெரியும். போய்ப் பார்த்தால் அந்த முகவரியில் வீடே இருக்காது. சுற்றுலா வீடுகளுக்குப் பார்சிலோனாவில் உரிம எண் கட்டாயம். ‘எச்யூடிபி’ என்று தொடங்கும் அந்த எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ‘தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் தள்ளுபடி’ என்றால் அது தூண்டில். வாடகை ஏறிப்போய் உள்ளூர் மக்கள் வெளியேற நேர்வதால், சுமார் 10,000 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடித்துவிடப்போவதாக மேயர் ஜாவுமே கொல்போனி 2024-இல் அறிவித்தார். ஆகவே உரிமம் பார்ப்பதில் அண்டைவீட்டாரும் அதிகாரிகளும் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி வாங்குவார்கள். அது ஏமாற்று அல்ல. ஆனால் ஏழு இரவுக்கு மேல் கிடையாது, 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் கிடையாது. பில்லில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விமானம் தாமதித்தால்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பலருக்குத் தெரியாத பொக்கிஷம். ஒன்றியத்தின் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் அது பொருந்தும். அதாவது பார்சிலோனாவிலிருந்து வளைகுடா வழியாகச் சென்னை திரும்பும் பயணத்துக்கும் பொருந்தும், விமான நிறுவனம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும். போகும் வழியில் அப்படியல்ல: சென்னையிலிருந்து கிளம்பும்போது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டுமே உண்டு. ஒரே முன்பதிவில் வாங்கிய பயணம், நிறுவனத்தின் பொறுப்பில் வரும் காரணத்தால், சேருமிடத்துக்கு மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். புயல் போன்ற அசாதாரணக் காரணம் என்றால் இழப்பீடு இல்லை. ஆனால் அப்போதும் நீண்ட காத்திருப்புக்குச் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் தர வேண்டும். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

பெட்டி வராவிட்டாலோ உடைந்து வந்தாலோ, விமான நிலையத்தைவிட்டு வெளியே வருமுன் சாமான் பகுதியில் ‘பிஐஆர்’ எனப்படும் புகார் அறிக்கையைப் பதிவுசெய்யுங்கள். 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்து ஏழு நாளுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும். இடையில் வாங்கிய துணிமணி, சோப்பு, பல்பொடிக்கான ரசீதுகளும் கணக்கில் சேரும்.

விசா மறுக்கப்பட்டால்

2024 ஜூன் முதல் ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பித்துவிட வேண்டும். விசா மையத்தில் கேட்கும் எஸ்எம்எஸ், சிறப்பு அறை போன்றவை உங்கள் விருப்பம் மட்டுமே; கட்டாயம் அல்ல. ‘அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் தரகரை நம்ப வேண்டாம்.

மறுத்தால் காரணத்தைக் குறித்த படிவம் தர வேண்டும். அதை வைத்து ஸ்பெயின் துணைத் தூதரகத்திலேயே ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். இரண்டு மாதத்துக்குள் மாட்ரிட் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். காரணம் வெறும் ஆவணக் குறை என்றால், குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பது பலருக்கு விரைவான வழி.

எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை 2025 அக்டோபரில் தொடங்கியது. 180 நாளில் 90 நாள் என்ற வரம்பை இனி இயந்திரமே எண்ணும்.

உடம்புக்கு முடியாமல் போனால்

விசாவுக்காக எடுக்கும் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போதே காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணுக்குத் தகவல் சொன்னால், நேரடியாகப் பணம் கட்ட ஏற்பாடு செய்வார்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு, அதில் மருந்தின் மூலப்பெயர் இரண்டும் வேண்டும். கடலில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை.

சட்டைப்பையில் பெயர், ரத்த வகை, உறவினர் எண், பாலிசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும். சக்ராதா ஃபமீலியாவை வடிவமைத்த அன்டோனி கௌதி 1926 ஜூனில் டிராம் மோதி விழுந்தபோது, அவரிடம் அடையாளக் காகிதம் ஏதும் இல்லை. எளிய உடையைப் பார்த்துப் பிச்சைக்காரர் என்றே எண்ணினார்கள். மூன்று நாளில் இறந்துபோனார். அந்த ஊரின் மிகப் பெரிய மனிதருக்கே அந்தக் கதி.

நீங்களே அபராதம் கட்ட நேர்ந்தால்

‘தெ-கசுவால்’ என்ற பத்துப் பயண மெட்ரோ அட்டை ஒருவருக்கு மட்டுமே. ஒரே அட்டையைக் குடும்பமே தட்டிவிட்டுப் போனால் மற்றவர்கள் சீட்டில்லாப் பயணிகள். அபராதம் 100 யூரோ. பலர் பகிர்ந்துகொள்ள ‘தெ-ஃபமிலியார்’ என்ற எட்டுப் பயண அட்டை உண்டு. விமான நிலைய மெட்ரோவுக்குப் பத்துப் பயண அட்டை செல்லாது, ரயிலுக்குச் செல்லும்.

நீச்சலுடையோடு தெருவில் நடப்பதும், கடற்கரையில் புகைப்பதும் அபராதத்துக்குரியவை. நடைபாதையில் துணி விரித்து விற்கும் போலிப் பைகளை வாங்குவதும் சிக்கல். லா ராம்ப்லாவில் கஞ்சா மன்றத்துக்கு அழைப்பவர் பின்னால் போகாதீர்கள். பொது இடத்தில் கஞ்சா வைத்திருந்தால் அபராதம் 601 யூரோவில் தொடங்குகிறது.

கிளம்பும் முன் இவ்வளவு போதும்: பாஸ்போர்ட், விசா, காப்பீட்டின் நகல்கள் காகிதத்திலும் மின்னஞ்சலிலும், போனின் ஐஎம்இஐ எண் தனியாக, இரண்டு கார்டுகள் இரண்டு பைகளில், ரசீதுகளுக்கென்று ஒரு உறை. கெட்டது நடந்தால் அன்று மாலைக்குள் அந்த உறைக்குள் ஒரு காகிதம் சேர்ந்திருக்க வேண்டும்.