பூட்டானில் சுற்றுலா

பூட்டானில் சுற்றுலா என்பது, இமயமலையின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள பூட்டான் நாட்டின் நகரங்களையும் பள்ளத்தாக்குகளையும் மடாலயங்களையும் மலைப்பாதைகளையும் வெளிநாட்டவர் கண்டுவரும் பயணத்தையும், அப்பயணத்தை ஒழுங்குபடுத்தும் அரசின் கொள்கையையும் குறிக்கும். ஏறத்தாழ 38,400 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்ட இந்நாடு, அளவில் கேரளத்துக்குச் சமமானது. ஆனால் இதன் மக்கள்தொகை 8 லட்சத்துக்கும் குறைவு. வருவோரின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொருவரிடமிருந்தும் பெறும் பயனைக் கூட்டுவது பூட்டானின் நீண்டகாலக் கொள்கையாகும். பயணிகள் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் அரசு தனிக் கட்டணம் வசூலிக்கிறது.

வரலாறு

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பூட்டானில் வாகனங்கள் செல்லும் சாலைகள் இல்லை. 1958 ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் சவகர்லால் நேரு பூட்டானுக்குச் சென்றபோது, சிக்கிமிலிருந்து நாதுலா கணவாய், திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு ஆகியவற்றைக் கடந்து, மலைவழியாகவே பாரோவை அடைந்தார். அதன் பின்னர் இந்திய உதவியுடன் எல்லை நகரான புன்சோலிங்கிலிருந்து தலைநகர் திம்புவுக்குச் சாலை அமைக்கப்பட்டது.

1974 ஆம் ஆண்டு நான்காம் மன்னர் சிக்மே சிங்கே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவை ஒட்டி நாடு வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு வந்த பயணிகள் 300 பேருக்கும் குறைவு. 1983 இல் துருக் ஏர் நிறுவனம் பாரோவிலிருந்து கொல்கத்தாவுக்கு வானூர்திச் சேவையைத் தொடங்கியது. தொடக்கத்தில் அரசு நிறுவனமே சுற்றுலாவை நடத்தியது. 1991 இல் தனியார் முகவர்கள் அனுமதிக்கப்பட்டனர். தொலைக்காட்சியும் இணையமும் 1999 இல்தான் நாட்டுக்குள் வந்தன.

2019 இல் பயணிகளின் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியது. இவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட எல்லைகள், இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் 2022 செப்டம்பர் 23 அன்று மீண்டும் திறக்கப்பட்டன.

நுழைவு நடைமுறைகள்

பூட்டானின் பன்னாட்டு வானூர்தி நிலையம் பாரோவில் உள்ளது. குறுகிய பள்ளத்தாக்கில், மலைகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருப்பதால், பகல் வெளிச்சத்தில் மட்டுமே வானூர்திகள் இயக்கப்படுகின்றன. இதற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற வானோடிகள் சிலரே உள்ளனர். வானிலை மோசமானால் பயணம் தள்ளிப்போவது இயல்பு. எனவே, திரும்பும் வழியில் அடுத்த வானூர்திக்கு ஒரு நாள் இடைவெளி விட்டுத் திட்டமிடுவது நல்லது.

சாலை வழியாக வரும் இந்தியர்கள் பெரும்பாலும் மேற்கு வங்கத்தின் செய்காவ் நகரை ஒட்டிய புன்சோலிங் வழியாக நுழைகின்றனர். அருகிலுள்ள பெரிய தொடர்வண்டி நிலையம் ஆசிமாரா ஆகும். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் நுழைவு அனுமதி பெற வேண்டும். அதற்குக் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை காட்ட வேண்டும்; ஆதார் அட்டை ஏற்கப்படுவதில்லை.

பூட்டானின் நாணயமான நுல்ட்ரம், இந்திய ரூபாய்க்கு இணையான மதிப்பு கொண்டது. ரூபாயும் பரவலாகப் புழங்குகிறது. பூட்டான் நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முன்னதாகும்.

நகரங்கள்

திம்பு நாட்டின் தலைநகரமும் மிகப்பெரிய நகரமும் ஆகும். போக்குவரத்து விளக்குகள் இல்லாத தலைநகரம் என்பதால் பெயர் பெற்றது. நகர மையத்தில், வண்ணம் தீட்டிய சிறு மண்டபம் ஒன்றில் நிற்கும் காவலர் கையசைவால் வாகனங்களை வழிநடத்துகிறார். புதிய கட்டடங்களும் மரவேலைப்பாடுள்ள சன்னல்களோடும் சாய்ந்த கூரைகளோடும் மரபுத் தோற்றத்தில் கட்டப்படுகின்றன. மன்னரின் அலுவலகமும் தலைமை மடமும் ஒருங்கே அமைந்த தாசிச்சோ சோங், மூன்றாம் மன்னரின் நினைவாக 1974 இல் எழுப்பப்பட்ட நினைவுத் தூபி, மரச்செதுக்கு, ஓவியம், தையல் உள்ளிட்ட பதின்மூன்று மரபுக் கலைகளைக் கற்பிக்கும் கல்லூரி ஆகியவை காணத்தக்கவை. தேசிய விலங்கான தாக்கினை மோதித்தாங் காப்பகத்தில் காணலாம்.

பாரோ பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறையில் தொங்குவதுபோல் அமைந்த தக்சாங் மடாலயம், புலிக்கூடு என அழைக்கப்படுகிறது. குரு பத்மசம்பவர் பெண்புலியின் மீதேறி இங்கு வந்து தவமிருந்தார் என்பது மரபு. 1692 இல் கட்டப்பட்ட இம்மடாலயம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,120 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1998 இல் தீக்கு இரையாகி, பின்னர் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டது. நடந்து ஏற இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். பாதி வழி வரை குதிரைகள் கிடைக்கும்; கடைசிப் படிக்கட்டுகளை நடந்தே கடக்க வேண்டும். பாரோவுக்கு வந்த முதல் நாளே ஏறாமல், உடல் உயரத்துக்குப் பழகிய பின் பயணத்தின் இறுதியில் ஏறுவது வழக்கம்.

திம்புவிலிருந்து புனாக்கா செல்லும் வழியில், ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் தோச்சுலா கணவாய் உள்ளது. 2003 இல் அசாம் கிளர்ச்சியாளர்களுக்கு எதிரான நடவடிக்கையில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாக 108 தூபிகள் இங்கு எழுப்பப்பட்டுள்ளன. கணவாயைத் தாண்டி இறங்கினால் குளிர் குறைந்து, நெல்வயல்கள் தொடங்குகின்றன.

பழைய தலைநகரான புனாக்காவில், போ சூ, மோ சூ என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில், சப்துருங் நவாங் நம்கியால் 1637-38 இல் கட்டிய சோங் நிற்கிறது. சோங் என்பது மடமும் ஆட்சி அலுவலகமும் ஒரே மதிலுக்குள் அமைந்த கோட்டையாகும். 1994 இல் வடக்கே பனியேரி ஒன்று உடைந்து வந்த வெள்ளத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், இக்கோட்டையும் சேதமுற்றது. உருகும் பனிப்பாறைகள் இந்நாட்டின் பள்ளத்தாக்குகளுக்குத் தொடர்ந்து அச்சுறுத்தலாக உள்ளன.

நாட்டுப்புறம்

போப்சிக்கா பள்ளத்தாக்கு, குளிர்காலத்தில் திபெத்தியப் பீடபூமியிலிருந்து வரும் கருங்கழுத்துக் கொக்குகளுக்குப் புகலிடமாகும். அக்டோபர் இறுதியில் வரத்தொடங்கும் இவை, குளிர்காலம் முடியும் வரை சதுப்பு நிலத்தில் தங்குகின்றன. பள்ளத்தாக்குக்கு மின்சாரம் வந்தபோது, பறவைகள் கம்பிகளில் மோதாமலிருக்க மின்வடங்கள் நிலத்தடியில் பதிக்கப்பட்டன. இங்குள்ள உழவர்களின் முக்கியப் பணப்பயிர் உருளைக்கிழங்கு. ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று காங்தே மடாலய முற்றத்தில் கொக்குத் திருவிழா நடைபெறுகிறது.

நடுப் பூட்டானிலுள்ள பும்தாங், நான்கு பள்ளத்தாக்குகளைக் கொண்ட பகுதியாகும். 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சாம்பே லகாங் கோயில் இங்குள்ளது. சுமே பள்ளத்தாக்கில் பெண்கள் நெய்யும் யாத்ரா எனப்படும் வண்ணக் கம்பளித் துணி பெயர் பெற்றது. மேற்கேயுள்ள ஆ பள்ளத்தாக்கு 2002 இலும், கிழக்கேயுள்ள மேராக், சக்தேங் ஊர்கள் 2010 இலும் பயணிகளுக்குத் திறக்கப்பட்டன. மேராக், சக்தேங் ஊர்களில் யாக்கு எருமை மேய்க்கும் புரோக்பா மக்கள் வாழ்கின்றனர்.

நாட்டுப்புறத்தில் உழவர் வீடுகளில் தங்கும் வசதி உண்டு. சிவப்பரிசிச் சோறு, மிளகாயையே காய்கறியாகக் கொண்டு பாலாடைக்கட்டியுடன் சமைக்கும் எமா தாச்சி, வெண்ணெயும் உப்பும் கலந்த சுச்சா தேநீர் ஆகியவை அன்றாட உணவாகும். நெருப்பில் காய்ச்சிய கற்களைத் தொட்டி நீரில் இட்டுச் சூடாக்கும் குளியலும் இவ்வீடுகளில் கிடைக்கிறது.

அக்காலத் தூதர்களும் பயணிகளும் நடந்த பழைய பாதை, 403 கிலோமீட்டர் நீள நடைபாதையாகச் சீரமைக்கப்பட்டு 2022 இல் திறக்கப்பட்டது. இது மேற்கில் ஆ முதல் கிழக்கில் திராசிகாங் வரை செல்கிறது. ஆனால் மலைச் சிகரம் ஏறுவதற்கு நாட்டில் அனுமதியில்லை. 6,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் ஏற 1994 இலும், மலையேற்றம் முழுவதற்கும் 2003 இலும் தடை விதிக்கப்பட்டது. சிகரங்கள் தெய்வங்களின் உறைவிடம் என்னும் மக்களின் நம்பிக்கையே இதற்குக் காரணம். 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கார் புயன்சும், மனிதர் எவரும் ஏறாத மலைகளில் உலகிலேயே உயரமானது எனக் கருதப்படுகிறது.

பருவங்களும் விழாக்களும்

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் பயணத்துக்கு ஏற்ற காலங்கள். சூன் முதல் ஆகத்து வரை மழையால் மண்சரிவு ஏற்பட்டுச் சாலைகள் அடைபடலாம். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் உயர்ந்த கணவாய்களில் பனி விழும். செச்சு எனப்படும் முகமூடி நடன விழாக்கள் சோங்குகளில் நடைபெறுகின்றன. பாரோ செச்சு வசந்த காலத்திலும் திம்பு செச்சு இலையுதிர் காலத்திலும் வருகின்றன. மக்கள் தம் சிறந்த ஆடைகளை அணிந்து, குடும்பத்தோடு வந்து நாள் முழுவதும் அமர்ந்திருப்பர். கோயில்களிலும் சோங்குகளிலும் நுழைவோர் கைகால்களை மறைக்கும் உடை அணிந்து, தொப்பியைக் கழற்ற வேண்டும். தூபிகளை வலமாகச் சுற்ற வேண்டும். கருவறைக்குள் படம் எடுக்கக் கூடாது.

கட்டணமும் விவாதமும்

பெருந்தொற்றுக்கு முன் வெளிநாட்டவர் நாள் ஒன்றுக்குச் செலுத்திய தொகுப்புக் கட்டணத்தில் 65 டாலர் அரசுக்குச் சென்றது. இந்தியா, வங்கதேசம், மாலத்தீவு நாட்டவருக்கு இக்கட்டணம் இல்லை. 2022 இல் எல்லை திறந்தபோது, பிற நாட்டவருக்கு இரவு ஒன்றுக்கு 200 டாலர் என உயர்த்தப்பட்டது; இந்தியர்களுக்கு இரவு ஒன்றுக்கு 1,200 ரூபாய் விதிக்கப்பட்டது. பயணிகள் வருகை குறைந்ததால், 2023 செப்டம்பரில் 200 டாலர் 100 டாலராகக் குறைக்கப்பட்டது. இக்குறைப்பு 2027 ஆகத்து வரை நடைமுறையில் இருக்கும் என அறிவிக்கப்பட்டது. 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம். அதற்குக் குறைந்த வயதினருக்குக் கட்டணமில்லை.

நாட்டின் நிலப்பரப்பில் 60 விழுக்காடாவது என்றென்றும் காடாக இருக்க வேண்டும் என 2008 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கூறுகிறது. கட்டண வருவாய் இக்காடுகளின் பாதுகாப்புக்கும், மக்களுக்கு இலவசமாக வழங்கப்படும் மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கும் உதவுகிறது என்பது அரசின் வாதம். மறுபுறம், நடுத்தர வருவாய் கொண்ட பயணிகளை நம்பித் தொடங்கப்பட்ட சிறு விடுதிகள், வாடகை வண்டி ஓட்டுநர்கள், வழிகாட்டிகள், கைவினைக் கடைக்காரர்கள் ஆகியோரின் பிழைப்பு, வருகை குறையும்போது நேரடியாகப் பாதிக்கப்படுகிறது. வேலை தேடி இளைஞர்கள் பெருமளவில் ஆத்திரேலியாவுக்குச் செல்லும் காலத்தில் இது சிறிய சிக்கல் அன்று. மேலும், வரும் பயணிகளும் பாரோ, திம்பு, புனாக்கா ஆகிய மேற்குப் பகுதிகளிலேயே தங்கிவிடுவதால், கிழக்கு மாவட்டங்களுக்குச் சுற்றுலா வருவாய் குறைவாகவே சென்று சேர்கிறது.

கட்டணம் இரவுக் கணக்கில் இருப்பதால், பலர் நான்கைந்து நாட்களில் பயணத்தை முடித்துக்கொள்கின்றனர். பும்தாங்குக்கும் கிழக்குக்கும் செல்ல அதைவிடக் கூடுதல் நாட்கள் தேவை. கூட்டத்தைத் தவிர்க்க வகுக்கப்பட்ட கட்டணமே, பயணிகளை ஒருசில இடங்களில் கூடவைப்பதற்கும் காரணமாகிறது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பது பூட்டான் சுற்றுலாவின் முன்னுள்ள முக்கியப் பணியாகும்.